தொழில்நுட்பத்தை அளவுக்கு மீறி நம்பிவிட்டோமா?

வழிப்போக்கன்:

வணக்கம் நண்பர்களே. "இந்தக் காலத்துப் பிள்ளைகள் எப்போது பார்த்தாலும் போனும் கையுமாக இருக்கிறார்கள்" என்ற பேச்சை இந்த இழையில் ஒதுக்கி வைப்போம். அதை நிறையப் பேசியாகிவிட்டது. என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது.

2025 ஏப்ரல் 28 அன்று நண்பகல் தாண்டியதும் ஸ்பெயின், போர்ச்சுகல் இரண்டிலும் ஒரே நேரத்தில் மின்சாரம் போனது நினைவிருக்கும். சில நொடிகளில் எல்லாம் நின்றது. மெட்ரோ ரயில்கள் ஓடவில்லை, லிப்டுக்குள் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள், சிக்னல் விளக்குகள் அணைந்தன, கார்டு கருவிகள் செத்துப்போயின, பல இடங்களில் மொபைல் நெட்வொர்க்கும் போனது. ரொக்கம் வைத்திருந்தவர்களால்தான் கடையில் எதையாவது வாங்க முடிந்தது. என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஜனங்கள் பேட்டரி ரேடியோவைத் தேடி ஓடினார்கள். பெரும்பாலான இடங்களுக்கு மறுநாள் காலைக்குள் மின்சாரம் திரும்பிவிட்டது.

மின்வெட்டு புதிது இல்லை. ஆனால் அது போனதும் பணம் கொடுக்கும் வழி, செய்தி கேட்கும் வழி, வீட்டில் இருப்பவர்களோடு பேசும் வழி, வீடு போய்ச் சேரும் வழி என்று எல்லாமே ஒரே மூச்சில் போனது என்னை உறுத்துகிறது. முன்பு இவை தனித்தனியாக இருந்தன. ஒன்று போனாலும் இன்னொன்று கைகொடுத்தது.

பல துறைகளில் இருப்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் வேலையில் கருவி நின்றுபோனால் என்ன ஆகும்? அது இல்லாமல் வேலையை முடிக்க இன்றைக்கு உங்களால் முடியுமா? முன்பு முடிந்ததா?

நெய்தல்:

கேள்வி நல்ல கேள்வி. ஆனால் "அளவுக்கு மீறி" என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. எந்த அளவு? யார் வைத்த அளவு? மனிதன் எல்லாவற்றையும் தானே செய்துகொண்ட காலம் என்று ஒன்று இருந்ததே கிடையாது. உடுத்தும் துணியை நெய்ய நமக்குத் தெரியாது. குழாயில் வரும் தண்ணீர் எப்படிச் சுத்தமாகிறது என்று நம்மில் பலருக்குத் தெரியாது. இதையெல்லாம் யாரும் நோய் என்று சொல்வதில்லை. தெரிந்தவர் செய்கிறார், நாம் நமக்குத் தெரிந்ததைச் செய்கிறோம்.

கால்குலேட்டர் வந்தபோது பிள்ளைகளுக்குக் கணக்கே வராமல் போய்விடும் என்று பயந்தார்கள். எய்மி எலிங்டன் என்ற கணிதக் கல்வி ஆய்வாளர் 2003-ல் 54 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார். பாடத்திலும் தேர்விலும் கால்குலேட்டர் கொடுத்த இடங்களில் மாணவர்களின் திறன் கூடியிருந்தது. தேர்வில் கொடுக்காத இடங்களில்கூட, அதைப் பழகியதால் திறன் குறைந்துவிடவில்லை. பயந்தது நடக்கவில்லை.

போன் நம்பர்கள் மனப்பாடமாக இல்லையே என்று வருந்துபவர்களிடம் கேட்கிறேன்: அந்த நம்பர்களைச் சுமந்துகொண்டிருந்த காலத்தில் நாம் இன்னும் அறிவாளிகளாகவா இருந்தோம்?

வழிப்போக்கன்:

நெய்தல், துணிக்கும் இதற்கும் எனக்கு ஒரு வித்தியாசம் தெரிகிறது. நெசவாளர் ஒருவர் வேலையை விட்டாலும் என் உடம்பில் இருக்கும் துணி காணாமல் போகாது. இப்போது நாம் நம்பியிருப்பவை ஒவ்வொரு நிமிடமும் எங்கோ இருக்கும் ஒரு செர்வர் பதில் சொன்னால்தான் உயிரோடு இருக்கின்றன. கால்குலேட்டர் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன்.

வானத்துளி:

நான் விமானிகளுக்குப் பயிற்சி தரும் இடத்தில் வேலை செய்கிறேன். இந்தக் கேள்வி எங்கள் துறையில் பல வருடங்களாகப் பேசப்படுகிறது, ஆட்கள் செத்தும் இருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2009 ஜூன் 1. ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸுக்குப் பறந்துகொண்டிருந்த ஏர் பிரான்ஸ் 447, ஏர்பஸ் ஏ330 ரகம். நள்ளிரவு தாண்டி அட்லாண்டிக் கடலுக்கு மேலே, சுமார் 35,000 அடி உயரத்தில், வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களைப் பனித்துகள்கள் அடைத்தன. வேகக் கணக்கு தாறுமாறானது. நம்ப முடியாத எண்ணை வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது என்று, விமானத்தைத் தானாக ஓட்டும் ஆட்டோபைலட் விலகிக்கொண்டது. அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. விமானம் அப்போது நல்ல நிலையில்தான் இருந்தது. மூக்கை நேராக வைத்து, எஞ்சின் விசையை அப்படியே விட்டிருந்தால் போதும். பனி உருகி, ஒரு நிமிடத்துக்குள் வேக அளவுகள் சரியாகிவிட்டன.

ஆனால் ஓட்டிக்கொண்டிருந்த துணை விமானி விமானத்தின் மூக்கைத் தூக்கினார். அது சுமார் 38,000 அடிவரை ஏறியது, வேகம் குறைந்தது, இறக்கைகள் தாங்கும் விசையை இழந்தன. இதைத்தான் ஸ்டால் என்கிறோம். எச்சரிக்கைக் குரல் தொடர்ச்சியாக 54 நொடி ஒலித்தது. விமானி அறையில் இருந்த மூவருக்கும் கடைசிவரை தாங்கள் ஸ்டாலில் இருக்கிறோம் என்பது புரியவில்லை. ஆட்டோபைலட் விலகியதிலிருந்து கடலில் விழும்வரை நான்கரை நிமிடம்கூட ஆகவில்லை. 228 பேர் இறந்தார்கள்.

பிரெஞ்சு விசாரணை அமைப்பின் இறுதி அறிக்கை 2012-ல் வந்தது. வேக அளவு குழம்பிய நிலையில், அந்த உயரத்தில் கையால் ஓட்டும் பயிற்சி அந்தத் துணை விமானிகளுக்குக் கிடைத்திருக்கவில்லை என்று அதில் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள். நீண்ட தூரப் பயணத்தில் கையால் ஓட்டும் நேரம் சில நிமிடம்தான். மற்ற நேரமெல்லாம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்காரவைத்த ஒருவரிடம், மிகக் கடினமான நொடியில் மட்டும் "இப்போது நீ ஓட்டு" என்று கொடுக்கிறோம்.

லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் இதை 1983-லேயே எழுதிவிட்டார். எளிதான வேலையை எந்திரம் எடுத்துக்கொள்ளும், அதற்கு முடியாத கடினமான வேலை மனிதனிடம் மிஞ்சும், எளிதான வேலையைச் செய்து செய்துதான் மனிதன் கடினமானதற்குத் தயாராவான் என்பதால் அந்தத் தயாரிப்பும் போய்விடும் என்பது அவர் வாதம். எந்திரம் எவ்வளவு நம்பகமானதோ அவ்வளவு அரிதாகத்தான் மனிதன் தேவைப்படுவான். தேவைப்படும் அன்று அவன் கைக்குப் பழக்கம் இருக்காது.

எங்கள் துறை என்ன செய்தது தெரியுமா? ஆட்டோபைலட்டைக் கழற்றி எறியவில்லை. அதனால் விமானப் பயணம் எவ்வளவோ பாதுகாப்பானது, அதில் சந்தேகமே வேண்டாம். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2013-ல், வாய்ப்புள்ளபோதெல்லாம் விமானிகள் கையால் ஓட்டிப் பழக வேண்டும் என்று விமான நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. விமானத்தைப் போலவே நடந்துகொள்ளும் பயிற்சி எந்திரமான சிமுலேட்டரில் ஸ்டாலிலிருந்து மீளும் பயிற்சியும் கூடியது. பழக்கத்தை வேண்டுமென்றே உயிரோடு வைத்திருக்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பணம் செலவாகிறது, நேரம் செலவாகிறது. அந்தச் செலவை யார் ஏற்பது என்பதில்தான் எல்லா இடத்திலும் சண்டை.

கரையோரம்:

வானத்துளிக்கு நன்றி. எங்கள் கப்பல் துறையில் பாடமாக நடத்தும் சம்பவம் ஒன்று இருக்கிறது. 1995 ஜூன் மாதம், ராயல் மெஜஸ்டி என்ற பயணிகள் கப்பல் பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குப் போனது. புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் ஜிபிஎஸ் ஆன்டெனாவின் கேபிள் கழன்றுவிட்டது. கருவி அணையவில்லை. செயற்கைக்கோள் சிக்னல் இல்லாமலேயே, கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து வேகத்தையும் திசையையும் வைத்துக் கணக்குப் போட்டு, ஓர் இடத்தைக் காட்டிக்கொண்டே இருந்தது. காற்றும் நீரோட்டமும் கப்பலைத் தள்ளுவது அதற்குத் தெரியாது. 34 மணி நேரத்துக்கும் மேலாக யாரும் கவனிக்கவில்லை. நான்டக்கெட் தீவுக்கு அருகே மணல்திட்டில் தட்டி நின்றபோது, அவர்கள் நினைத்த இடத்துக்கும் உண்மையான இடத்துக்கும் 17 மைல் வித்தியாசம். நல்லவேளை, யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை.

அந்தக் கப்பலில் இடத்தைச் சரிபார்க்க வேறொரு கருவியும் இருந்தது, ரேடாரும் இருந்தது. வழியில் எதிர்பார்த்த மிதவை கண்ணில் படாதபோதும் சந்தேகம் வரவில்லை. திரையில் கோடு அழகாகப் போய்க்கொண்டிருந்தது, அது போதும் என்று இருந்துவிட்டார்கள்.

அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி, நட்சத்திரங்களைப் பார்த்துக் கப்பல் செலுத்தும் பாடத்தை 1990-களின் இறுதியில் நிறுத்தியிருந்தது. 2015-ல் திரும்பக் கொண்டுவந்தது. அவர்களைப் பழமைவாதிகள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஒலிவழி:

எனக்குப் பார்வை கிடையாது. இந்தப் பதிவை ஸ்க்ரீன் ரீடர் வைத்துத்தான் எழுதுகிறேன். மேலே இருப்பவற்றையும் அதுதான் எனக்கு வாசித்துக் காட்டியது.

"சார்ந்திருத்தல்" என்று எல்லோரும் பயத்தோடு சொல்வதைக் கேட்கும்போது எனக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இந்த மென்பொருள் வருவதற்கு முன் நான் யாரையும் சாராமல் இருந்தேனா? எனக்கு வந்த கடிதத்தை வேறொருவர் படித்துச் சொல்ல வேண்டும். அதில் அந்தரங்கமான விஷயம் இருந்தாலும் அவருக்கும் தெரிந்துவிடும். வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை இன்னொருவர் கண்ணை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவருக்கு நேரம் இருக்கும்போதுதான் எனக்கு வேலை நடக்கும். இப்போது என்விடிஏ என்ற இலவச ஸ்க்ரீன் ரீடரை நம்பியிருக்கிறேன். 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்பவர் தொடங்கி, ஜேம்ஸ் டே சேர்ந்து வளர்த்தது. இரண்டு பேருமே பார்வையற்றவர்கள். அதை நம்பியிருப்பதை நான் அடிமைத்தனமாக நினைக்கவில்லை. என் கடிதத்தை நானே படிக்கிறேன்.

ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்கிறேன். நான் கணக்கு வைத்திருக்கும் வங்கி சில காலம் முன்பு தன் ஆப்பைப் புதுப்பித்தது. புதிய ஆப்பில் பல பொத்தான்களுக்குப் பெயரே கொடுக்கவில்லை. ஸ்க்ரீன் ரீடர் எல்லாவற்றையும் வெறும் "பொத்தான், பொத்தான்" என்று வாசித்தது. எதை அழுத்தினால் பணம் போகும், எதை அழுத்தினால் திரும்பி வரலாம் என்று தெரியவில்லை. சரி, கிளைக்கே போவோம் என்று போனேன். இந்த வேலையைக் கவுண்டரில் செய்வதை நிறுத்திவிட்டோம், ஆப்பில்தான் செய்ய வேண்டும் என்றார்கள். அன்று எனக்கு வந்த கோபம் ஆப்பின் மேல் இல்லை. ஆப் கெட்டுப்போவது இயல்பு, சரிசெய்வார்கள். கவுண்டரை ஏன் மூடினார்கள்?

நெய்தல்:

ஒலிவழி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். என் பக்கத்து வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அதே பதிவின் பின்பாதிக்கு என்னிடம் பதிலும் இல்லை.

கருவியை நம்புவது தப்பில்லை என்பதில் இன்னும் உறுதியாக இருக்கிறேன். நீங்களும் வானத்துளியும் சொல்வது அதைத் தாண்டிய விஷயம். கருவிக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு கதவை அடைப்பதைப் பற்றிப் பேசுகிறீர்கள். பயிற்சியை நிறுத்தினாலும் கதவு அடைபடுகிறது, கவுண்டரை எடுத்தாலும் அடைபடுகிறது. இதை "ஜனங்கள் டெக்னாலஜிக்கு அடிமை" என்று தனிமனிதர் மேல் பழியாகப் போடுவதுதான் எனக்கு எரிச்சலூட்டுகிறது. அந்தக் கதவை மூடும் முடிவை ஜனங்களா எடுத்தார்கள்?

வரைபடம்:

தனிமனிதருக்கும் இதில் கொஞ்சம் பங்கு உண்டு நெய்தல், அதை முழுக்கக் கழற்றிவிட வேண்டாம்.

லண்டன் டாக்ஸி ஓட்டுநர்கள் உரிமம் வாங்க சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எலினார் மக்வயர் குழு 2000-ல் அவர்கள் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தது. இட நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியின் பின்பக்கம் மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. பிறவியிலேயே அப்படி இருப்பவர்கள்தான் டாக்ஸி ஓட்ட வருகிறார்களோ என்ற கேள்வி வரும் இல்லையா? 2011-ல் பயிற்சிக்கு முன்னும் பின்னும் பார்த்தார்கள். படித்துத் தேறியவர்களிடம் அந்த மாற்றம் வந்திருந்தது, தேறாதவர்களிடம் வரவில்லை. அதாவது பழக்கம்தான் அதை வளர்க்கிறது.

மறுபக்கத்தில், 2020-ல் லூயிசா தஹ்மானி, வெரோனிக் போபோ இருவரும் 50 ஓட்டுநர்களிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். ஜிபிஎஸ்ஸை அதிகம் பயன்படுத்தி வந்தவர்களுக்கு, அது இல்லாமல் வழி கண்டுபிடிக்கும் நினைவு குறைவாக இருந்தது. அவர்களில் 13 பேரை மூன்று வருடம் கழித்து மறுபடி பார்த்தபோது, அதிகம் பயன்படுத்தியவர்களுக்கு அதிகம் இறங்கியிருந்தது. 13 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. இதை வைத்துக்கொண்டு "ஜிபிஎஸ் மூளையைத் தின்கிறது" என்று பார்வர்ட் செய்திகள் சுற்றுவது நியாயம் இல்லை.

அதேபோல "கூகுள் நம் ஞாபகத்தைக் கெடுக்கிறது" என்று 2011 ஆய்வு ஒன்றை எல்லோரும் எடுத்துப் போடுவார்கள். அதில் ஒரு சோதனையை 2018-ல் வேறு ஆய்வாளர்கள் பெரிய அளவில் திரும்பச் செய்தபோது அதே முடிவு வரவில்லை. அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பயமுறுத்தும் ஆய்வு பரவும் வேகத்தில், அதைக் கேள்வி கேட்கும் ஆய்வு பரவுவதில்லை.

என் அனுபவத்தில் உதவியது ஒன்று உண்டு. புதிய இடத்துக்குப் புறப்படும் முன், வரைபடத்தை வடக்கு மேலே இருக்கும்படி வைத்து முழு வழியையும் ஒருமுறை பார்த்துவிடுவேன். போகும்போது குரல் வழிகாட்டி ஓடட்டும். திரும்பும்போது அதை அணைத்துவிடுவேன். நடக்காத ஒற்றையடிப் பாதையில் புல் மூடுவது மாதிரிதான் இதுவும், அவ்வப்போது நடந்தால் போதும்.

வெண்கோட்டு:

மருத்துவமனையில் வேலை செய்பவன் என்ற முறையில் ஒரு தகவல். பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனையில், புற்றுநோயாக மாறக்கூடிய சிறு கட்டிகளைக் காட்டிக்கொடுக்க இப்போது செயற்கை நுண்ணறிவு உதவுகிறது. போலந்தில் நான்கு மையங்களில் நடந்த ஆய்வு 2025-ல் லான்செட் குழும மருத்துவ இதழில் வந்தது. அந்த உதவி வருவதற்கு முன், மருத்துவர்கள் தாங்களாகச் செய்த சோதனைகளில் 28.4% பேரிடம் கட்டி கண்டுபிடித்தார்கள். உதவிக்குப் பழகிய பின், அது இல்லாமல் செய்த சோதனைகளில் 22.4% பேரிடம்தான் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொருவரும் 2,000-க்கும் மேல் சோதனை செய்த கைதேர்ந்த மருத்துவர்கள்.

இது நடந்த தரவுகளைப் பின்னால் எடுத்துப் பார்த்த ஆய்வு, வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் மூன்று மாதத்துக்குள் இப்படி இறங்கியதைப் படித்தபோது எனக்குத் திக்கென்றது. கருவி இருக்கும்போது நோயாளிக்கு நல்லது நடக்கிறது என்பதும் உண்மை. அதனால் கருவியை எடுத்துவிடச் சொல்ல மாட்டேன். வானத்துளி சொன்ன சிமுலேட்டர் மாதிரி எங்களுக்கு என்ன இருக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் ஒன்றும் இல்லை.

திருகாணி:

பெரிய அமைப்புகளுக்கு மென்பொருள் எழுதுவதும் பராமரிப்பதும் என் தொழில். உள்ளே இருந்து பார்க்கும்போது தெரியும் ஒன்றைச் சொல்கிறேன்.

2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட் ஒன்று உலகம் முழுக்கப் போனது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. உலகில் உள்ள விண்டோஸ் கணினிகளில் அது ஒரு சதவீதம்கூட இல்லை என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. ஆனால் அந்த ஒரு சதவீதம் விமான நிறுவனங்களிலும் மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் இருந்தது. எல்லோரும் ஒரே பூட்டை வாங்கியிருந்தார்கள், ஒரே நேரத்தில் அது மாட்டிக்கொண்டது. தீர்வு எளிது, ஒரு கோப்பை அழித்தால் போதும். ஆனால் கணினி முழுதாகத் தொடங்கவே மாட்டேன் என்கிறது, அதனால் தொலைவிலிருந்து செய்ய முடியாது. பல இடங்களில் ஒரு ஆள் ஒவ்வொரு கணினியாகப் போய் உட்கார வேண்டியிருந்தது.

2022 ஜூலை 8-ல் கனடாவில் ரோஜர்ஸ் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் நெட்வொர்க் விழுந்தபோது 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் போனும் இணையமும் போயின. அதோடு நாடு முழுக்க டெபிட் கார்டில் பணம் கொடுப்பதும் நின்றது, பலரால் அவசர எண்ணான 911-ஐ அழைக்க முடியவில்லை. வேறு நிறுவனத்தின் வாடிக்கையாளரும் கடையில் பணம் கொடுக்க முடியாமல் நின்றார். அவர் என்ன தப்பு செய்தார்? தன் பணம் யார் கம்பியில் போகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இன்னும் கண்ணுக்குத் தெரியாத சார்பும் உண்டு. ஜிபிஎஸ் என்றால் வழி காட்டுவது என்றுதான் நினைக்கிறோம். தொலைத்தொடர்பு, மின்கட்டமைப்பு, நிதிச் சந்தை எல்லாம் அதைக் கடிகாரமாகப் பயன்படுத்துகின்றன. 2016 ஜனவரி 26-ல் ஒரு பழைய செயற்கைக்கோளைச் சேவையிலிருந்து எடுத்தபோது, ஜிபிஎஸ் நேரத் தகவலில் 13 மைக்ரோ நொடி பிழை நுழைந்தது. நொடியை லட்சமாகப் பிரித்தால் ஒன்றிரண்டு பங்கு. அதற்கே பல இடங்களில் தொலைத்தொடர்புக் கருவிகள் மணிக்கணக்கில் எச்சரிக்கை கொடுத்தன.

எனவே நம்மில் ஒருவர் போனை மேசையில் வைத்துவிட்டு நடக்கப் போவதால் இந்தப் பிரச்சினை தீராது. மாற்றுப் பாதை வைப்பதற்கு ஒரு நிறுவனம் செலவு செய்ய வேண்டும். அது பெரும்பாலான நாட்களில் வீணாகத் தெரியும். பட்ஜெட் கூட்டத்தில் முதலில் வெட்டப்படுவது அதுதான், என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சாட்சி:

இதுவரை யாரும் தொடாத பக்கம் ஒன்று இருக்கிறது. கருவி நின்றுபோவதைவிட, அது தப்பாக ஓடும்போது என்ன ஆகிறது?

பிரிட்டனில் அஞ்சலகங்களுக்கு 1999 முதல் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் வந்தது. அதன் பிழைகளால், இல்லாத பற்றாக்குறை கணக்கில் தெரிந்தது. கிளையை நடத்தியவர்கள் பணத்தைத் திருடிவிட்டார்கள் என்று அவர்கள் மேல் வழக்குப் போடப்பட்டது. 1999-லிருந்து 2015-க்குள் 900-க்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள், பலர் வீட்டை இழந்தார்கள், சிலர் உயிரையே விட்டார்கள். "நான் எடுக்கவில்லை, மென்பொருளில்தான் கோளாறு" என்று அவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். உங்களைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஆகவில்லை என்று அவர்களில் பலரிடம் சொல்லப்பட்டது.

இங்கிலாந்துச் சட்டத்தில் முன்பு, கணினி தரும் சாட்சியத்தை நீதிமன்றத்தில் வைப்பவர் அந்தக் கணினி சரியாக இயங்கியது என்று காட்ட வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது. 1999-ல் நிறைவேறிய சட்டம் அதை நீக்கியது. அதன்பின் கணினி சரியாகத்தான் இயங்கியது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்ட வேண்டியது குற்றம்சாட்டப்பட்டவர் பொறுப்பு. ஒரு சின்னக் கிளையை நடத்துபவர் பெரிய நிறுவனத்தின் மென்பொருளில் பிழை இருக்கிறது என்று எப்படிக் காட்டுவார்? 2019-ல் உயர் நீதிமன்றம் மென்பொருளில் பிழைகள் இருந்ததை உறுதிசெய்தது, 2024-ல் தனிச் சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தார்கள்.

அளவுக்கு மீறிய நம்பிக்கை என்று நான் சொல்வது இதைத்தான். கையில் எவ்வளவு நேரம் போன் இருக்கிறது என்பதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மனிதர் ஒன்று சொல்கிறார், திரை ஒன்று சொல்கிறது, நாம் யாரை நம்புகிறோம்?

கரையோரம்:

சாட்சி, உங்கள் பதிவைப் படித்ததும் ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ் நினைவுக்கு வந்தார். 1983 செப்டம்பர் 26-ல், சோவியத் எச்சரிக்கை மையத்தில் பணியில் இருந்தவர். அமெரிக்கா ஏவுகணை விட்டிருக்கிறது என்று திரை சொன்னது, முதலில் ஒன்று, பிறகு மொத்தம் ஐந்து. அவர் அதைப் பொய் எச்சரிக்கை என்று மேலே தெரிவித்தார். போரைத் தொடங்குபவர்கள் ஐந்தே ஏவுகணையோடு தொடங்க மாட்டார்கள் என்று யோசித்திருக்கிறார், தரையில் இருந்த ரேடார்களும் எதையும் காட்டவில்லை. மேகங்களில் பட்ட சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் தப்பாக எடுத்துக்கொண்டது பின்னால் தெரிந்தது. ஒத்துப் பார்க்க அவருக்கு இன்னொரு கண் இருந்தது. அஞ்சலகக்காரர்களுக்கு அது தரப்படவில்லை.

எழுதுகோல்:

ஆசிரியை நான். நெய்தல் கால்குலேட்டர் பற்றிச் சொன்னதை வைத்து ஒரு கேள்வி. கால்குலேட்டர் கணக்கைப் போட்டுத் தரும், எந்தக் கணக்கைப் போடுவது என்று பிள்ளை முடிவு செய்யும். இப்போது கட்டுரை எழுதித் தரும் சாட்பாட்கள் அந்த முடிவையும் சேர்த்தே செய்து தருகின்றன. வாதத்தை எங்கே தொடங்குவது, எதை விடுவது, எதற்குச் சாட்சி வேண்டும் என்ற தடுமாற்றம்தான் கட்டுரை எழுதுவதன் பயன். அதைத் தாண்டி நேராக நல்ல வாக்கியத்துக்குப் போய்விடுகிறார்கள்.

தடை போடுவது உதவாது என்று எனக்குத் தெரியும். வகுப்பில் முதல் வரைவைக் கையால் எழுதச் சொல்கிறேன். அதன்பின் சாட்பாட்டிடம் கொடுத்து, அது சொன்ன திருத்தங்களில் எதை ஏற்கவில்லை, ஏன் என்று எழுதி வரச் சொல்கிறேன். ஏற்காததற்குக் காரணம் எழுத வேண்டும் என்றதும் கவனமாகப் படிக்கத் தொடங்குகிறார்கள்.

நெய்தல்:

இது பயனுள்ள வழி. எலிங்டன் ஆய்விலும் கருவியைப் பாடத்தோடு சேர்த்துக் கற்பித்த இடத்தில்தான் பலன் அதிகம். சும்மா கையில் கொடுத்துவிட்டால் அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

வழிப்போக்கன்:

திருகாணி சொன்ன செலவு விஷயத்துக்கு வருகிறேன். மாற்று வழியை வைத்திருக்கச் செய்ய முடியாது என்று கைவிட வேண்டியதில்லை. ஸ்பெயினில் 2022-ல் கார்லோஸ் சான் ஹுவான் என்ற ஓய்வுபெற்ற மருத்துவர், பார்கின்சன் நோய் உள்ளவர், "நான் முதியவன், முட்டாள் அல்ல" என்ற முழக்கத்தோடு ஒரு மனுவைத் தொடங்கினார். வங்கிகள் எல்லாவற்றையும் ஆப்புக்கும் எந்திரத்துக்கும் தள்ளிவிட்டுக் கவுண்டர் நேரத்தைக் குறைத்ததை எதிர்த்து. ஆறு லட்சத்துக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தது. கவுண்டர் நேரத்தைக் கூட்டுவதாக வங்கிகள் எழுதி ஒப்புக்கொண்டன.

நார்வேயில் 2024 அக்டோபர் முதல், ரொக்கம் கொடுத்து வாங்கும் உரிமையைச் சட்டத்தில் இறுக்கியிருக்கிறார்கள். சுவீடன் அரசு வீடுவீடாக அனுப்பும் நெருக்கடிக்கால வழிகாட்டியில் ரொக்கமும் பேட்டரி ரேடியோவும் வைத்திருக்கச் சொல்கிறது. ரொக்கத்தையே மறந்துபோன நாடுகள் என்று பெயர் எடுத்தவை இவை.

ஒலிவழி:

சான் ஹுவான் பற்றி எனக்குத் தெரியாது, நன்றி. என் வங்கிக்கு எழுதப் போகிறேன். இப்படிக் கேட்கலாம் என்று நினைக்கிறேன்: ஆப்பில் செய்யும் ஒவ்வொரு வேலையையும் கிளையிலும் போனிலும் செய்ய வழி வேண்டும். ஆப் வேலை செய்யாத நாளில் கட்டணம் கட்டத் தாமதமானால் அபராதம் போடக் கூடாது. வேறு என்ன சேர்க்கலாம்?

சாட்சி:

கணக்கில் தகராறு வந்தால், மென்பொருளின் பதிவுகளைப் பார்க்க வாடிக்கையாளருக்கு உரிமை வேண்டும். அந்த உரிமை இல்லாமல்தான் அஞ்சலகக்காரர்கள் பல வருடம் போராடினார்கள்.

திருகாணி:

ஒவ்வொரு அப்டேட்டும் வெளியாகும் முன் ஸ்க்ரீன் ரீடரில் சோதிக்க வேண்டும், அதைப் பார்வையற்ற ஒருவரே சோதிக்க வேண்டும் என்று சேருங்கள். பொத்தானுக்குப் பெயர் கொடுப்பது புரோகிராமருக்குச் சில நிமிட வேலை. புதிய பதிப்பில் கோளாறு என்றால் பழைய பதிப்புக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும் என்றும் கேளுங்கள். கிளை மேலாளருக்கு இது புரியாமல் போகலாம், கடிதத்தின் பிரதியைத் தொழில்நுட்பப் பிரிவுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். வரைவை இங்கே போடுங்கள், தொழில்நுட்ப வாசகங்களை நான் பார்த்துத் தருகிறேன்.